தகராறு இல்லாத எல்லை

எங்கள் காடு எங்களுடையதுதான் என்று எங்களுக்கே எழுதிக்கொடுக்க அரசாங்கம் ஒன்பது படிகள் வைத்திருக்கிறது. எட்டு போதாதா, பத்து ஆகாதா என்று கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டேன். ஒன்பது என்பது ஆய்வு செய்து கண்டுபிடித்த எண்ணாம். மூன்று வருஷம் ஆய்வு செய்தார்களாம்.

நான் குவாத்தா ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் நாலு பேர் உண்டு. ஆனால் என் கையெழுத்துதான் அழகு. அந்த அழகால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர்க்காடு உறுதிப்பாட்டு அலுவலகம் என்ற ஒன்று தலைநகர் மன்ரோவியாவில் இருப்பதே, அதன் உதவி இயக்குநர் திரு. வில்மட் எங்கள் ஊர்க் கூட்டக் கொட்டகைக்கு வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரியும். கோட்டு போட்டிருந்தார். மழைக்காலத்துப் புழுக்கத்தில் கோட்டு போட்ட மனிதரைப் பார்த்ததும் எங்களுக்கு அவர் மேல் இரக்கமாகிவிட்டது. முதல் தவறு அதுதான்.

"என் அருமை மக்களே, நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன். புதுச் சட்டம் வந்துடுச்சு. இந்தக் காடு இனிமே உங்களுது!"

கை தட்டினோம். கெர்குலா மட்டும் தட்டவில்லை. பனை ஏறிக் கள் இறக்குகிறவன் அவன். அதிகம் பேசமாட்டான்.

"ஐயா, அப்போ இத்தனை நாளும் யாருது?" என்றான்.

"இத்தனை நாளும் உங்களுதுதான். ஆனா அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச உங்களுது. இனிமே எங்களுக்கும் தெரிஞ்ச உங்களுதா ஆகணும். அதுக்கு விண்ணப்பிக்கணும்."

"விண்ணப்பிக்கலைன்னா?"

"அரசாங்கத்துது ஆயிடும். அரசாங்கம் யாருது? உங்களுது. அப்படிப் பார்த்தா அப்பவும் உங்களுதுதான். நீங்க எந்தப் பக்கம் விழுந்தாலும் நஷ்டமே இல்ல!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆற்றுக்கு அந்தக் கரையில் அப்போதே மஞ்சள் இயந்திரங்கள் மரம் இழுத்துக்கொண்டிருந்தன. அந்தக் கரைக்காரர்கள் விண்ணப்பிக்காதவர்கள்.

விண்ணப்பத்துக்குப் பின்னால் அலைய ஓர் ஆள் வேண்டும் என்றார் ஊர்த்தலைவர். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கெர்குலா எழுந்து, "நான் போறேன்" என்றான். அவன் ஏன் எழுந்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், வில்மட்டைத் தவிர.

எங்கள் ஊருக்கும் பக்கத்துப் பெலெபாய் ஊருக்கும் நடுவே கல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. வாயில் போட்டு மெல்லும் கொட்டை காய்க்கிற கோலா மரங்கள்தான் உண்டு. பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து, அதன் மேல் ஒரு கோலாக் கன்று நடுவோம். வீட்டுக்குப் பின்னால் நடுவதுதான் வழக்கம். ஆனால் தாய் ஓர் ஊர், தகப்பன் ஓர் ஊர் என்றால், அந்தப் பிள்ளையின் மரத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு ஊருக்கும் நடுவில் நடவேண்டும். கொட்டையை இரண்டு ஊரும் பறிக்கலாம். அப்படி நட்டு நட்டு நாற்பத்தொரு மரம் வரிசையாக நிற்கிறது. அதுதான் எல்லை. எங்கள் பேரப்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் போய் யார் சண்டை போடுவது?

நாற்பத்தோராவது மரம் யாமாவுடையது. கெர்குலாவின் மகள். தாய் நொவாய் பெலெபாய்க்காரி. தொட்டாலே தொற்றி ஊர் ஊராகக் கொன்ற அந்த நோய் வந்த வருஷம் யாமாவுக்கு ஆறு வயசு. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்தார்கள். இறந்த பிள்ளையை ஒரு பையில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். எரித்துவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். எங்கே எரித்தார்கள், சாம்பல் என்ன ஆனது என்று கேட்கக் கெர்குலா மூன்று அலுவலகம் ஏறினான். இறந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரே இல்லை என்றார்கள். குழி இல்லை, கல் இல்லை, காகிதத்தில் பெயரும் இல்லை. யாமா இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு அந்த ஒரு மரம்தான் சாட்சி. நொவாய் வாரம் ஒருநாள் போய் அதன் அடியில் களை பிடுங்கிவிட்டு வருவாள். போகும்போது பேசாமல் போவாள். வரும்போது கொஞ்சம் தெளிந்திருப்பாள்.

கெர்குலாவுக்குக் காடு வேண்டும் என்றால், அந்த மரம் வேண்டும் என்று அர்த்தம்.

முதல் படி, விருப்பக் கடிதம். எங்கள் காட்டின் மீது எங்களுக்கு விருப்பம் உண்டு என்று எழுதினேன். இரண்டாம் படி, அறிவிப்பு. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அச்சடித்த காகிதத்தைக் காட்டு வாசலில் முப்பது நாள் ஒட்டிவைக்க வேண்டும். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, அது மரத்துக்குத் தீங்கு. ஆகவே மரத்தை வெட்டிப் பலகை செய்து, அதில் அடித்தோம். பன்னிரண்டாம் நாள் ஓர் ஆடு அறிவிப்பைத் தின்றுவிட்டது.

"அப்போ மறுபடி ஒன்னாம் நாள்லேருந்து" என்றார் வில்மட்.

"ஐயா, ஆடுதானே தின்னுச்சு."

"ஆட்சேபம் எந்த ரூபத்துலயும் வரலாம்."

அடுத்த முப்பது நாளும் கெர்குலா பனை ஏறவில்லை. காலையிலிருந்து இருட்டும் வரை கையில் குச்சியோடு காட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். காட்டைக் காப்பாற்ற வந்த காகிதத்தை அவன் காப்பாற்றினான். ஆடுகளைத் தவிர வேறு யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாம் படியில் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். காட்டை நாங்கள் பயன்படுத்துகிறோமா என்று ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினால் காட்டை அழிக்கிறவர்கள். இல்லை என்றால் காடு எதற்கு? "மிதமாக" என்று எழுதினேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. திரு. வில்மட் என் தோளில் தட்டி, "வாத்தியாரே, நீங்க எங்க அலுவலகத்துல இருந்திருக்க வேண்டிய ஆளு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நான்காம் படி, மரக் கணக்கு. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, நல்ல பிள்ளை, புது பூட்ஸ் காலைக் கடித்து நொண்டிக்கொண்டிருந்தாள். கையில் வானத்தைப் பார்த்து இடம் சொல்லும் கருவி. கெர்குலா அவளை எல்லை நெடுக நடத்திக்கொண்டு போனான்.

"இது என்ன மரம்?"

"இது ஸாக்கி. பெலெபாய்ல தையல்கடை வச்சிருக்கான்."

அவள் 'ஸாக்கி' என்று எழுதிக்கொண்டாள்.

"இது?"

"இது கெபே. மூணு பிள்ளை பெத்துட்டா. இந்தத் தடவையாவது பையன் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கா."

'கெபே.'

கடைசி மரத்தடிக்கு வந்தபோது கெர்குலா குனிந்து அடியில் கிடந்த சருகுகளை ஒதுக்கினான். அவள் காத்திருந்தாள். நான் சொன்னேன் அல்லவா, நல்ல பிள்ளை.

"இது யாமா" என்றான்.

'யாமா' என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். அரசாங்கத்துக் காகிதத்தில் எங்கள் பிள்ளைகளின் பெயர் ஏறுகிறதே என்று மகிழ்ந்துபோனேன். எந்தக் கட்டத்துக்குள் எழுதுகிறாள் என்று பார்க்கவில்லை.

ஐந்தாம் படியில் வந்தது சனி. எல்லைத் தகராறு விசாரணை.

"தகராறு எதுவும் இல்லீங்க ஐயா" என்றான் கெர்குலா.

திரு. வில்மட் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தகராறின் தன்மை, தகராறு தொடங்கிய ஆண்டு, இரு தரப்பு வாதம். ஆறாம் படியில் சமரசம். "தகராறு இல்லாத எல்லைன்னு ஒன்னு எங்க படிவத்துல இல்லையே. தகராறு இருந்தாத்தானே தீர்க்க முடியும்? தீர்த்தாத்தானே எல்லை? நீங்க சும்மா ஒத்துமையா இருந்துட்டா, அது எல்லைன்னு நாங்க எதை வச்சு நம்பறது?"

"கட்டத்தைக் காலியா விட்டுடலாமே?"

"காலிக் கட்டம் இருந்தா கணினி ஏத்துக்காது. கணினிக்கு உணர்ச்சி கிடையாதுப்பா. நான் உங்களை மாதிரி மனுஷன். அதனாலதான் சொல்றேன், ஒரு சின்னத் தகராறு பண்ணிக்குங்க."

கெர்குலா பெலெபாய்க்குப் போய் நொவாயின் தம்பி டொக்பாவிடம் சொன்னான். டொக்பா வாய் ஓயாத ஆள். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், இதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? எங்க அக்காவைக் கட்டின நாள்லேருந்து உன்னைத் திட்டணும்னு காத்துக்கிட்டிருக்கேன். அரசாங்கமே கூப்பிட்டுத் திட்டச் சொல்லுது!"

"ரொம்பத் திட்டாதே. நொவாய் அங்கதான் நிப்பா."

"உன்னைத் திருடன்னு சொல்றேன். நீ என்னைப் பொய்யன்னு சொல்லு. முடிஞ்சதும் கள்ளு உன் செலவு."

இரண்டு பேருக்கும் வாதங்களை நான்தான் எழுதினேன். குவாத்தாவின் குற்றச்சாட்டு ஒன்றரைப் பக்கம், பெலெபாயின் மறுப்பு ஒன்றே முக்கால் பக்கம். பெலெபாயின் மறுப்பு சிறப்பாக அமைந்துவிட்டது என்று கூட நினைத்தேன்.

விசாரணை நாளன்று இரண்டு ஊரும் கொட்டகையில் கூடின. பெண்கள் அலுவலருக்குச் சோறும் மரவள்ளிக்கீரையும் ஆக்கியிருந்தார்கள். டொக்பா எழுந்து, நான் எழுதியதை ஒப்பித்தான். "குவாத்தாக்காரர்களே, நீங்கள் எங்கள் கோலாக் கொட்டைகளைக் கவர்ந்தவர்கள்." யாரோ சிரித்தார்கள். கெர்குலா எழுந்து, "பெலெபாய்க்காரர்களே, உங்கள் கூற்று உண்மைக்குப் புறம்பானது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

திரு. வில்மட் பேனாவை மூடிவிட்டார்.

"இது தகராறா? பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கு. நாளைக்கு மேலிடத்துலேருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? நான் பொய் எழுதமாட்டேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பொய்க் கையெழுத்து போட்டவன் இல்ல. உண்மையான தகராறா இருந்தா எழுதறேன். கொஞ்சம் சூடா பேசுங்க."

மறுபடி பேசினார்கள். போதவில்லை. மூன்றாம் தடவையும் சொன்னார், "இன்னும் சூடு வேணும்" என்று. வெயில் ஏறிவிட்டது. டொக்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஜனங்கள் முன்னால் மூன்று தடவை நிற்கவைத்ததில் அவனுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்திருக்க வேண்டும். கையிலிருந்த காகிதத்தைக் கீழே போட்டான். அதன்பின் அவன் சொன்னது நான் எழுதியது அல்ல.

"பெத்த பிள்ளையைப் பையில போட்டுத் தூக்கிட்டுப் போனப்ப வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தவன்டா நீ! உனக்கு எதுக்குடா காடு?"



"ஆங்" என்றார் வில்மட். "இதுதான் தகராறு." பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

டொக்பா வாயைப் பொத்திக்கொண்டான். "மச்சான், நான்..." என்று தொடங்கினான். ஆனால் கெர்குலா எழுந்துவிட்டான். ஏழு வருஷம் அவன் வாய் திறந்து சொல்லாததை, நாங்கள் யாருமே சொல்லாததை, சொல்லிவிட்டான்.

"அந்த நோய் எந்த வீட்டுச் சாவுலேருந்து வந்துச்சு? உங்க அண்ணன் சாவு! உன் வீட்டுப் பிணத்தைத் தொட்டுட்டு வந்துதான்டா என் பிள்ளை செத்தா!"

"கொஞ்சம் மெதுவா" என்றார் வில்மட். "'உன் வீட்டு'க்கு அப்புறம் என்ன சொன்னீங்க?"

நொவாய் அலுவலருக்கான சோற்றுத் தட்டோடு கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தாள். அண்ணன் சாவுக்கு யாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். தட்டைச் சிந்தாமல் மேசைமேல் வைத்தாள். "நான்தானே கூட்டிட்டுப் போனேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். வெளியே போய்விட்டாள்.

திரு. வில்மட் நன்றாகச் சாப்பிட்டார். கீரையில் காரம் அருமை என்றார்.

ஆறாம் படிக்கு இரண்டு கையெழுத்து போதும். அது கிடைக்கவில்லை. கெர்குலா பெலெபாய்ப் பாதையில் கால் வைக்கவில்லை. டொக்பா இரண்டு தடவை எல்லை வரை வந்து, மரங்களைத் தாண்டாமல் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். இரண்டு ஊருக்கும் நடுவே அந்த வருஷம் ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. நொவாய் சமைத்தாள், வயலுக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மரத்தடிக்கு மட்டும் போவதை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம். தகராறுக்குட்பட்ட எல்லைப் பகுதி, சமரசம் ஏற்படும்வரை அரசின் தற்காலிகப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. மரங்களைப் பற்றி நன்கறிந்த ஒரு நிறுவனத்திடம் அந்தப் பாதுகாப்பு ஒப்படைக்கப்படுகிறது.

நான் என் அழகான கையெழுத்தில் பதில் எழுதினேன். ஐயா, அது பொய்த் தகராறு, இரண்டு வாதத்தையும் எழுதியவன் நானே. ஒரு வாரத்தில் பதில் வந்தது. தகராறை உதவி இயக்குநர் நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். அதன் உண்மைத் தன்மையில் அலுவலகத்துக்கு முழுத் திருப்தி.

மறுநாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. கெர்குலா பாதிப் பனை ஏறியிருந்தான். எப்படி இறங்கினானோ, மார்பெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஓடினான். நாங்களும் பின்னால் ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது நாற்பத்தொரு மரமும் கிடந்தன. பாதை போடுகிறார்களாம். பாதுகாப்பு வண்டி வந்துபோகப் பாதை வேண்டுமல்லவா. இயந்திரக்காரன் எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, "எங்கிட்ட பேப்பர் இருக்குப்பா, பேப்பர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து டொக்பா ஓடிவந்தான். யாமாவின் மரத்துக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் கெர்குலா. மரம் நடுவில் கிடந்தது. அந்த வருஷம் நிறையக் காய்த்திருந்தது. டொக்பா மண்டியிட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "என் வாயிலதான் புழு வைக்கணும் மச்சான்" என்றான். கெர்குலா அழவில்லை. உதிர்ந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓர் ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான். ஏன் வைக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

நொவாய் கடைசியாக வந்தாள். அவள் கையில் ஆறாம் படிப் படிவம் இருந்தது. பதினோரு வாரமாக வீட்டுக் கூரையில் செருகிவைத்திருந்த காகிதம். அதை வெட்டுண்ட அடிமரத்தின் மேல் விரித்தாள்.

"சமரசம் ஆயிட்டீங்கல்ல? போடுங்க கையெழுத்தை, ரெண்டு பேரும்."

போட்டார்கள். ஈர மரத்தில் மை கொஞ்சம் ஊறிவிட்டது. அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு ஏழு, எட்டு, ஒன்பதாம் படிகள் மளமளவென்று முடிந்தன. தகராறுக்குட்பட்டது என்று எதுவும் மிச்சமில்லை.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்குத் திரு. வில்மட் புதுக் கோட்டில் வந்தார். "என் அருமை மக்களே, இந்த மாவட்டத்துலயே ஒன்பது படியும் முடிச்ச முதல் ஊர் உங்க ஊர்தான். நடுவுல தகராறு வந்துச்சு. எத்தனை ஊரு இதுல உடைஞ்சுபோகும்! நீங்க உடையல. ஏன்? எங்க வழிமுறை. நாங்க வந்து விசாரிக்கலைன்னா, உங்களுக்குள்ள இவ்வளவு பெரிய தகராறு இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது!" கை தட்டச் சொல்லிவிட்டு, அவரே தொடங்கினார். கெர்குலாவை முன்னால் அழைத்துக் கையில் சான்றிதழைக் கொடுத்தார். இந்தக் காடு என்றென்றைக்கும் குவாத்தா மக்களுக்குச் சொந்தம். தங்க நிற முத்திரை. பின்னால் இணைப்புகள், எழுபது பக்கம்.

சாயங்காலம் கெர்குலா அதை என்னிடம் கொண்டுவந்தான். நொவாயும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, முழுசும் வாசிங்க."

வாசித்தேன். நாலாவது இணைப்பு எல்லை மரங்களின் பட்டியல். நாலு கட்டம். இனம், எண்ணிக்கை, வணிக மதிப்பு, பரிந்துரை. முதல் வரியைப் பார்த்ததும் தாளை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். அந்த நல்ல பிள்ளை எந்தக் கட்டத்தில் எழுதினாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இனம்: ஸாக்கி. இனம்: கெபே. கடைசி வரிக்கு வந்து நிறுத்தினேன்.

"வாசிங்க வாத்தியாரே."

"இனம்: யாமா" என்றேன். "எண்ணிக்கை: ஒன்று."

அடுத்த கட்டத்தில் 'இல்லை' என்றும், அதற்கடுத்ததில் 'அகற்றலாம்' என்றும் இருந்தது. பக்கத்தை மூடிவிட்டேன். வாழ்க்கையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு வாசித்தது அன்றைக்குத்தான்.

"அவ பேரு அதுல இருக்கா?" என்றாள் நொவாய்.

"இருக்கு."

"முத்திரை போட்டு?"

"முத்திரை போட்டு."

கெர்குலா என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

"ஒன்னுன்னா போட்டிருக்கு?" என்றான்.

"ஆமா."

"ஒன்னுதான்" என்றான். "சரியாத்தான் எழுதியிருக்காங்க."